தெரிவு வாய்ப்பும் அடிப்படை அறிவும்: உயிர் அறிவியல் தேசியத் தகுதித் தேர்வின் வினாத்தாள் அமைப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

உயிர் அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெறுவோரின் அறிவை அளவிட இந்தியாவில் நடத்தப்பெறும் முதன்மையான தேர்வு, சிஎஸ்ஐஆர்–யுஜிசி தேசியத் தகுதித் தேர்வு (நெட்) ஆகும். இத்தேர்வின் பாடத்திட்டம் உயிர் அறிவியல் முழுமையையும் 13 அலகுகளில் உள்ளடக்குகிறது. ஆயினும் வினாத்தாளில் வழங்கப்பெறும் தெரிவு வாய்ப்பு, தேர்வர் அனைவருக்கும் பொதுவான அடிப்படை அறிவு ஒன்று அளவிடப்படுவதை உறுதி செய்யவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. வினா எண்ணிக்கை, மதிப்பெண் பகிர்வு, தவறான விடைக்கான மதிப்பெண் குறைப்பு, வினா வடிவம், தேர்வு மொழி ஆகிய கூறுகளின் வழியே இக்கருத்து நிறுவப்படுகிறது. பிற தேர்வுகளுடன் ஒப்பிட்டு மாற்று அமைப்பு ஒன்றும் முன்வைக்கப்படுகிறது.

குறிச்சொற்கள்: உயிர் அறிவியல், தகுதித் தேர்வு, அடிப்படை அறிவு, ஏற்புடைமை, தெரிவு வாய்ப்பு, கொள்குறி வினா.

முன்னுரை

ஒரு தேர்வு எதை அளப்பதாகக் கூறுகிறதோ அதையே அளக்கிறதா என்பது கல்வி அளவீட்டியலின் முதற்கேள்வி. இப்பண்பு ஏற்புடைமை எனப்படும். ஒரே தேர்வை மீண்டும் நடத்தினால் ஏறத்தாழ ஒரே முடிவு கிடைக்குமா என்பது நம்பகத்தன்மை. நம்பகத்தன்மை மிக்க தேர்வு ஏற்புடையதாகவும் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தவறான பொருளைத் துல்லியமாக நிறுக்கும் தராசும் உண்டு.

உயிர் அறிவியலுக்கான தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண் மூன்று முடிவுகளுக்கு அடிப்படையாகிறது. இளநிலை ஆய்வு நல்கை பெறுவோர் யார் என்பது ஒன்று. உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதியுடையோர் யார் என்பது மற்றொன்று. 2024 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் இம்மதிப்பெண் பயன்படுகிறது. நல்கையும் முனைவர் பட்டச் சேர்க்கையும் ஒரு துறையில் ஆழ்ந்து ஆராய்வதைச் சார்ந்தவை. உதவிப் பேராசிரியர் பணியோ பட்டவகுப்பு மாணவருக்குப் பாடத்தின் பல பகுதிகளையும் கற்பிப்பதைச் சார்ந்தது. ஆழத்தையும் அகலத்தையும் ஒரே வினாத்தாளால் அளக்கும் முயற்சி எந்த அளவிற்கு வெற்றி பெறுகிறது என்பது ஆராயத்தக்கது.

தேர்வின் அமைப்பு

முன்னர் இத்தேர்வு கொள்குறி வகைத் தாள், விரிவான விடை எழுதும் தாள் என இரு தாள்களைக் கொண்டிருந்தது. 2011 ஜூன் முதல் கொள்குறி வினாக்கள் மட்டுமே கொண்ட ஒரே தாளாக மாற்றப்பட்டது. 2019 டிசம்பர் முதல் தேசியத் தேர்வு முகமை இதனைக் கணினி வழியே நடத்தி வருகிறது.

வினாத்தாள் மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதியில் பொது அறிவுத்திறன் சார்ந்த 20 வினாக்கள் உள்ளன. அவற்றுள் 15 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். வினா ஒன்றுக்கு 2 மதிப்பெண். இரண்டாம் பகுதியில் பாடம் சார்ந்த 50 வினாக்களுள் 35 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இதிலும் வினா ஒன்றுக்கு 2 மதிப்பெண். மூன்றாம் பகுதியில் பகுப்பாய்வு சார்ந்த 75 வினாக்களுள் 25 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். வினா ஒன்றுக்கு 4 மதிப்பெண். மொத்தம் 145 வினாக்கள், விடையளிக்க வேண்டியவை 75, மதிப்பெண் 200, காலம் 3 மணி நேரம். தவறான விடைக்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் 25 விழுக்காடு குறைக்கப்படும்.

பாடத்திட்டத்தின் 13 அலகுகளுள் உயிர்மூலக்கூறுகள், செல் அமைப்பு, அடிப்படைச் செயல்முறைகள், செல் தொடர்பு, வளர்ச்சி உயிரியல், தாவர உடற்செயலியல், விலங்கு உடற்செயலியல், மரபியல், உயிரினப் பன்மை, சூழலியல், பரிணாமமும் நடத்தையும், பயன்பாட்டு உயிரியல், ஆய்வு முறைகள் ஆகியன அடங்கும். தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம் எனப் பிரிந்து கிடக்கும் முதுநிலைப் படிப்புகளை ஒரே பாடத்திட்டத்தின் கீழ்க் கொணர்ந்திருப்பது இத்தேர்வின் சிறப்பு எனலாம்.

தெரிவு வாய்ப்பின் விளைவு

பாடம் சார்ந்த இரு பகுதிகளிலும் சேர்த்து 125 வினாக்கள் உள்ளன. விடையளிக்க வேண்டியவை 60 மட்டுமே. அதாவது பாதிக்கும் மேற்பட்ட வினாக்களைத் தேர்வர் தொடாமலே முழு மதிப்பெண் பெற இயலும்.

வினாக்கள் 13 அலகுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டுள்ளன என்று கணக்கிற்காகக் கொள்ளலாம். அந்நிலையில் அலகு ஒன்றுக்கு இரண்டாம் பகுதியில் ஏறக்குறைய 4 வினாக்களும் மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய 6 வினாக்களும் அமையும். ஐந்து அலகுகளை மட்டும் முழுமையாகக் கற்ற ஒருவருக்கு மூன்றாம் பகுதியில் 28 வினாக்கள் வரை விடை தெரிந்திருக்கும். தேவையானவை 25 என்பதால் அப்பகுதியின் 100 மதிப்பெண்ணும் அவருக்குக் கிடைக்கும். இரண்டாம் பகுதியில் அவருக்குத் தெரிந்தவை 19 வினாக்கள். அவற்றால் 38 மதிப்பெண் கிடைக்கும். எஞ்சிய எட்டு அலகுகளைப் பற்றி ஒன்றும் அறியாமலே பாடம் சார்ந்த 170 மதிப்பெண்ணில் 138 பெற்றுவிடலாம் என்பது இதனால் புலனாகிறது.

இக்கணக்கை ஒரு படி நீட்டிப் பார்க்கலாம். ஒருவர் முதல் ஐந்து அலகுகளை மட்டும் கற்றவர். உயிர்மூலக்கூறுகளும் செல்லும் அவர்தம் எல்லை. மற்றொருவர் மரபியல் தொடங்கிப் பயன்பாட்டு உயிரியல் வரையுள்ள ஐந்து அலகுகளை மட்டும் கற்றவர். இருவரும் 138 மதிப்பெண் பெறுகின்றனர். முதலாமவர் பரிணாமத்தைப் பற்றி ஒரு வினாவிற்கும் விடையளிக்கவில்லை. இரண்டாமவர் புரத உருவாக்கத்தைப் பற்றி ஒரு வினாவிற்கும் விடையளிக்கவில்லை. தரவரிசையில் இருவரும் ஒரே இடத்தில் நிற்பர். ஆனால் இருவரும் பொதுவாக அறிந்தது எது என்று கேட்டால் மதிப்பெண் பட்டியலில் விடை இல்லை. அலகுவாரியான குறைந்தபட்ச மதிப்பெண் என எதுவும் வரையறுக்கப்படாமையால் இந்நிலை தொடர்கிறது.

இக்கணக்கு எல்லை நிலையைக் காட்டுவது என்பதையும் கூறவேண்டும். நடைமுறையில் அலகுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. டிஎன்ஏவின் அமைப்பை அறியாமல் மரபியலைக் கற்பது அரிது. வினாக்களும் எல்லா ஆண்டும் சமமாகப் பகிரப்படுவதில்லை. எனினும் கணக்கின் சாரம் மாறுவதில்லை. தேர்வின் அமைப்பு குறுகிய ஆயத்தத்தை அனுமதிக்கிறது என்பதோடு அதனை ஊக்குவிக்கவும் செய்கிறது. எந்த அலகுகளை விட்டுவிடலாம் என்று திட்டமிடுவதே தேர்வுக்கு ஆயத்தமாவதன் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மதிப்பெண் குறைப்பும் ஊகமும்

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது ஊகித்து விடையளிப்பதைத் தடுப்பதற்காக. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் ஊகத்தின் பயனை முற்றிலும் நீக்க, மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறைக்கப்பட வேண்டும். இத்தேர்விலோ நான்கில் ஒரு பங்கே குறைக்கப்படுகிறது. மூன்றாம் பகுதி வினாக்கள் போன்ற 100 வினாக்களுக்கு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விடை குறிப்பதாகக் கொண்டால், சராசரியாக 25 சரியாகி 100 மதிப்பெண் வரும். 75 தவறாகி 75 மதிப்பெண் குறையும். எஞ்சுவது 25 மதிப்பெண். நான்கு விடைகளுள் ஒன்றை மட்டும் தவறு என்று நீக்கத் தெரிந்திருந்தால், இவ்வாதாயம் வினா ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு மதிப்பெண்ணாக உயர்கிறது.

இவ்வாதாயம் சிறியதே. ஆயினும் நல்கை பெறுவோருக்கும் பெறாதோருக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டில் ஒரு மதிப்பெண்ணும் பொருட்படுத்தத்தக்கது. துணிந்து ஊகிப்பவர் ஆதாயம் பெற, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் குறிப்பவர் பின்தங்க நேரிடுகிறது. ஆய்வாளரிடம் எதிர்பார்க்கப்படும் தயக்கமும் எச்சரிக்கையும் இங்கே குறையாகக் கணக்கிடப்படுகின்றன.

கூற்றுத்தொகுப்பு வினாக்கள்

மூன்றாம் பகுதியில் பரவலாகக் காணப்படும் வினா வடிவம், நான்கு கூற்றுகளைத் தந்து அவற்றுள் சரியானவற்றின் தொகுப்பைக் கேட்பதாகும். எடுத்துக்காட்டாக, நொதிகளின் போட்டித் தடுப்பான் பற்றிய வினா ஒன்றைப் பின்வருமாறு அமைக்கலாம்.

அ. மைக்கேலிஸ் மாறிலியின் தோற்ற மதிப்பு உயரும்.
ஆ. உச்ச வினைவேகம் குறையும்.
இ. தளப்பொருளின் செறிவை மிகுத்தால் தடுப்பின் விளைவு குறையும்.
ஈ. தடுப்பான் நொதியுடன் எப்போதும் மீளாப் பிணைப்பை உண்டாக்கும்.

விடைத்தொகுப்புகள்: (1) அ, இ (2) அ, ஆ (3) ஆ, ஈ (4) இ, ஈ.

சரியான விடை முதலாவது. ஆனால் இவ்விடையை அடைய நான்கு கூற்றுகளையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. முதற்கூற்று சரி என்றும் இரண்டாம் கூற்று தவறு என்றும் தெரிந்தாலே போதும்; ஏனைய மூன்று தொகுப்புகளும் நீங்கிவிடும். தளப்பொருளின் செறிவு உயரும்போது தடுப்பு ஏன் குறைகிறது என்பதே போட்டித் தடுப்பின் மையக் கருத்து. அக்கருத்தை அறியாதவரும் முழு மதிப்பெண் பெறுகிறார். மறுபுறம், மூன்று கூற்றுகளைச் சரியாக மதிப்பிட்டு ஒன்றில் பிழைத்தவர் ஒரு மதிப்பெண்ணை இழக்கிறார். எனவே இவ்வடிவம் பகுப்பாய்வுத் திறனைக் காட்டிலும் விடைகளை நீக்கும் திறனையே மிகுதியாக அளக்கிறது எனலாம்.

பிற தேர்வுகளுடன் ஒப்பீடு

இந்தியாவிலேயே நடத்தப்பெறும் கேட் தேர்வின் உயிர் அறிவியல் தாள் வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. அதில் வேதியியல் அனைவருக்கும் கட்டாயம். உயிர்வேதியியல், தாவரவியல், நுண்ணுயிரியல், விலங்கியல், உணவுத் தொழில்நுட்பம் ஆகியவற்றுள் இரண்டைத் தேர்வர் தெரிவு செய்கிறார். தெரிவு இங்கே வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. எவர் எப்பிரிவில் தேர்வு எழுதினார் என்பது ஐயமின்றித் தெரியும். ஆனால் அனைவருக்கும் பொதுவான பகுதி உயிரியலாக இல்லாமல் வேதியியலாக இருப்பது கருதத்தக்கது.

அமெரிக்காவில் நடத்தப்பெற்ற ஜிஆர்இ உயிரியல் பாடத்தேர்வு செல்–மூலக்கூறு உயிரியல், உயிரி நிலை உயிரியல், சூழலியலும் பரிணாமமும் என்ற மூன்று பிரிவுகளுக்கும் ஏறத்தாழச் சமமான பங்கை அளித்தது. வினாக்களில் தெரிவு வாய்ப்பு இல்லை. மொத்த மதிப்பெண்ணுடன் மூன்று பிரிவுகளின் மதிப்பெண்களும் தனித்தனியே தெரிவிக்கப்பட்டன. 2021இல் இத்தேர்வு கைவிடப்பட்டது. அதற்கு முன்னரே, ஜிஆர்இ பொதுத்தேர்வின் மதிப்பெண்ணுக்கும் உயிர்மருத்துவ ஆய்வில் மாணவர் பெறும் வெற்றிக்கும் உள்ள தொடர்பு வலுவற்றது என்ற கருத்து 2017இல் வெளிவந்த ஆய்வுகளால் வலுப்பெற்றிருந்தது. சமநிலையான பகிர்வு மட்டுமே ஒரு தேர்வைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இது சான்று. எனினும் ஒரு மாணவரின் அறிவு எத்திசையில் செறிந்துள்ளது என்பதை அம்மதிப்பெண் அட்டை காட்டியது. நெட் மதிப்பெண் அதனைக் காட்டுவதில்லை.

அடிப்படை அறிவு எனப்படுவது யாது?

அடிப்படை என்பது எளிமையைக் குறிப்பதன்று. எல்லா அலகுகளிலும் சிறிது அறிந்திருப்பதையும் குறிப்பதன்று. அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் முன்னெடுப்பில் 2011இல் வெளிவந்த அறிக்கை, பட்டவகுப்பு உயிரியலுக்கு ஐந்து மையக் கருத்துகளை வகுத்தது. அவை: பரிணாமம், அமைப்பும் செயல்பாடும், தகவலின் ஓட்டம், பரிமாற்றம், சேமிப்பு, ஆற்றலும் பொருளும் மாற்றமுறும் வழிகள், ஒருங்கியங்கள். இவை பாட அலகுகள் அல்ல. எல்லா அலகுகளினூடும் செல்லும் இழைகள். இவற்றை அடியொற்றி உருவாக்கப்பட்டு 2019இல் வெளியிடப்பட்ட ஜென்பயோ–மேப்ஸ் என்னும் மதிப்பீட்டுக் கருவி, ஒரு சூழலை விவரித்து அதைத் தொடரும் கூற்று ஒவ்வொன்றையும் சரி அல்லது தவறு எனத் தனித்தனியே மதிப்பிடச் செய்கிறது. இக்கருவி துறைகளின் கற்பித்தலை அளவிட எழுந்தது. மாணவரைத் தரவரிசைப்படுத்த எழுந்ததன்று. ஆயினும் அதன் வினா வடிவம் தகுதித் தேர்வுக்கும் பொருந்தக்கூடியது.

மையக் கருத்தை அளக்கும் வினா எவ்வாறு அமையலாம் என்பதற்குச் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் 1943இல் வெளியிட்ட சோதனை நல்ல எடுத்துக்காட்டு. இச்சோதனை நிறுவியது யாது என்று கேட்டால் அது நினைவாற்றலைச் சோதிக்கும் வினா. மாறாக, தரவினை வழங்கி வினவலாம். தனித்தனிக் குழாய்களில் வளர்க்கப்பட்ட பாக்டீரியாக்களை வைரஸுடன் சேர்த்துத் தட்டுகளில் பரப்பியபோது, பெரும்பாலான குழாய்களிலிருந்து எதிர்ப்புத்திறன் உடைய கூட்டமைவுகள் மிகச் சிலவே தோன்றின. ஓரிரு குழாய்களிலிருந்து மட்டும் மிகப் பல தோன்றின. ஒரே பெருங்குடுவையில் வளர்ந்தவற்றிலிருந்து எடுத்த மாதிரிகளிலோ எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. இத்தரவைத் தந்து பின்வரும் கூற்றுகளைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லலாம்.

1. வைரஸுடன் தொடர்பு ஏற்பட்ட பின்னரே எதிர்ப்புத்திறன் தோன்றியது.
2. திடீர்மாற்றம் முன்னதாகவே நிகழ்ந்த குழாயில் எதிர்ப்புத்திறன் உடையவை பெருகியிருக்கும்.
3. வைரஸே மாற்றத்தைத் தூண்டியிருந்தால் குழாய்களுக்கிடையிலான வேறுபாடு இவ்வளவு மிகுந்திராது.
4. பிழைக்கவேண்டிய தேவையே பாக்டீரியாவில் இம்மாற்றத்தை உண்டாக்கியது.

இரண்டாவதும் மூன்றாவதும் சரி, ஏனையவை தவறு. இவ்வினா மரபியல், பரிணாமம், நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகிய நான்கையும் தொடுகிறது. தேவையே மாற்றத்தை உண்டாக்குகிறது என்ற பிழைக்கருத்து மாணவரிடம் உள்ளதா என்பதையும் வெளிக்கொணர்கிறது. கணினியே திருத்தக்கூடியது என்பதால் தேர்வர் எண்ணிக்கை மிகுதி என்ற தடையும் இதற்கில்லை. நான்கு கூற்றுகளையும் ஊகத்தால் சரியாகக் குறிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று; கூற்றுத்தொகுப்பு வடிவிலோ அது நான்கில் ஒன்று.

மொழியும் வாசிப்புச் சுமையும்

தெரிவு வாய்ப்பு தேர்வருக்குச் செய்யும் சலுகையாகவே கருதப்படுகிறது. அதற்கு ஒரு விலை உண்டு. விடையளிக்க வேண்டிய 75 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் எனக் கணக்கிட்டால் வினா ஒன்றுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 24 நொடி கிடைக்கிறது. ஆனால் தக்கவற்றைத் தெரிவு செய்ய 145 வினாக்களையும் படிக்கவேண்டும். அவ்வாறு படித்தால் வினா ஒன்றுக்கு 75 நொடிக்கும் குறைவான காலமே எஞ்சும். மூன்றாம் பகுதி வினாக்கள் பல நீண்ட பத்திகளாகவும் வரைபடங்களாகவும் அமைவன. எனவே விரைந்து வாசிப்பவருக்கே தெரிவு வாய்ப்பு முழுப்பயன் தருகிறது.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியலைத் தமிழ்வழியில் கற்க இயலும். இளநிலை மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வைத் தமிழில் எழுதவும் இயலும். முதுநிலைத் தகுதித் தேர்வில் அவ்வாய்ப்பு இல்லை. உயராய்வின் மொழி ஆங்கிலம் என்பதால் இது இயல்பே எனலாம். ஆயினும் ஆங்கிலத்தைப் புரிந்து படிப்பது வேறு. 75 நொடியில் ஒரு பத்தியைப் படித்து ஏற்கவோ தள்ளவோ முடிவு செய்வது வேறு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற மாணவரின் உயிரியல் அறிவு அளக்கப்படுவதற்கு முன்பே அவரது வாசிப்பு வேகம் அளக்கப்பட்டுவிடுகிறது. படிக்கவேண்டிய வினாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பது மொழிமாற்றமின்றியே செய்யக்கூடிய சீர்திருத்தம். தமிழில் வினாத்தாள் வேண்டும் எனக் கோருவோர், திடீர்மாற்றம், சடுதிமாற்றம் என ஒரே கருத்திற்கு இரு சொற்கள் வழங்கும் நிலையைச் சீர்செய்யும் பணியையும் உடன் மேற்கொள்ள வேண்டும்.

மறுப்பும் விளக்கமும்

முதுநிலைப் படிப்புகள் சிறப்புத் துறைகளாகப் பிரிந்துவிட்ட நிலையில் அனைவரும் அனைத்தையும் அறியவேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. தெரிவு வாய்ப்பு இல்லையெனில் பூச்சியியல் பயின்றவரும் உயிர்தொழில்நுட்பம் பயின்றவரும் ஒரே தேர்வை எழுத இயலாது என்ற வாதம் எழலாம். இவ்வாதம் வலுவானது. மூன்றாம் பகுதியில் தெரிவு வாய்ப்பு தொடர்வதற்கு இதுவே போதிய காரணம். ஆனால் இரண்டாம் பகுதியிலும் தெரிவு வாய்ப்பை அளிப்பதற்கு இவ்வாதம் பொருந்தாது. பூச்சியியல் ஆய்வாளருக்கும் இயற்கைத் தேர்வு தெரிந்திருக்க வேண்டும். உயிர்தொழில்நுட்ப ஆய்வாளருக்கும் அவ்வாறே. உதவிப் பேராசிரியராகப் பணியேற்பவருக்கு இது மேலும் இன்றியமையாதது. தம் தகுதித் தேர்வில் ஒருமுறையேனும் பரிணாமத்தைப் பற்றி விடையளிக்காத ஒருவர், பணியேற்ற முதலாண்டிலேயே அப்பாடத்தைக் கற்பிக்க நேரலாம். அந்த இடைவெளியின் இழப்பு தேர்வரைச் சார்வதில்லை. அவரிடம் பயிலும் மாணவரைச் சார்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், உயிர் அறிவியல் தகுதித் தேர்வின் குறை அதன் பாடத்திட்டத்தில் இல்லை. பாடத்திட்டத்திற்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே அமைந்த தெரிவு விதியில் உள்ளது என்பது தெளிவாகிறது. பாடத்திட்டம் முழுமையைக் கோருகிறது. விதி அதனைக் கைவிட இசைகிறது.

இதனைச் சீர்செய்ய நான்கு மாற்றங்கள் போதுமானவை. இரண்டாம் பகுதியை மையக் கருத்துகளின் அடிப்படையில் அமைந்த, தெரிவு வாய்ப்பற்ற, குறைந்த எண்ணிக்கையிலான வினாக்களைக் கொண்ட பகுதியாக மாற்றி, அதற்கெனக் குறைந்தபட்ச மதிப்பெண்ணை வரையறுத்தல் முதலாவது. மூன்றாம் பகுதியில் கூற்றுகளைத் தனித்தனியே மதிப்பிடும் வடிவத்தைக் கொணர்தல் இரண்டாவது. நான்கு விடை வினாக்களில் மதிப்பெண் குறைப்பை மூன்றில் ஒரு பங்காக்குதல் மூன்றாவது. மொத்த மதிப்பெண்ணுடன் அலகுவாரியான மதிப்பெண்ணையும் தேர்வருக்குத் தெரிவித்தல் நான்காவது. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதற்குப் புதிய வினா எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு வினாவும் எந்த அலகைச் சார்ந்தது எனக் குறித்துவைத்தாலே போதும். தாம் அறிந்ததையும் அறியாததையும் தேர்வர் தாமே காண அது வழிசெய்யும்.